ஆச்சியின் திரைக்கதைகள்: எடுத்துப் போனவர் பார்வைக்கு

ஓராண்டு முடிந்து, இன்று ஆச்சியின் பெயரால் இலை போடுகிறோம். வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். உடன்பிறந்த மூத்தவரை ஆச்சி என்றழைப்பது எங்கள் வழக்கம். நான் அவருக்கு ஒரே தம்பி. கல்லல் யூனியன் ஆபீசில் குமாஸ்தா. இப்படிப்பட்ட நினைவு மலரில் யாரையும் குறை சொல்லக் கூடாது என்பார்கள். அந்தப் பெருந்தன்மை ஆச்சிக்கு ஓரளவு இருந்தது. எனக்கு அறவே இல்லை.

ஆச்சி கண்டரமாணிக்கத்தில் பிறந்தார். எட்டாவது வரை படித்தார். கல்யாணமான மூன்றாம் வருடம் அத்தான் மலாயாவில் காலமானார். பிள்ளை இல்லை. பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்துவிட்டார். எங்களுடையது பங்காளிகளுக்குப் பொதுவான வீடு. வளவு என்னும் நடுக்கூடத்தைச் சுற்றி ஆளுக்கோர் அறை, தனித்தனி அடுப்பு. நடையும் முற்றமும் எல்லோருக்கும். அத்தனை பேருக்கு நடுவில் இருந்தும் ஆச்சி யாரிடமும் கை நீட்டியதில்லை, யார் காதையும் கடித்ததில்லை.

அறுபதுகளின் நடுவில் ஒரு சினிமாக் கம்பெனி எங்கள் வீட்டில் பத்து நாள் படம் எடுத்தது. அவர்கள் போன பின், பெருக்கும்போது கிடைத்த நாலு தாள்களை ஆச்சி எடுத்து வைத்துக்கொண்டார். தாளின் நடுவே ஒரு கோடு. இடப்பக்கம் கண்ணுக்குத் தெரிவது. வலப்பக்கம் காதில் விழுவது.

"இம்புட்டுத்தானா தம்பி? இது நமக்கு வருமே" என்றார். மறுநாளே ஒரு நோட்டு வாங்கிக் கோடு போட்டுவிட்டார்.

அதன் பிறகு அவருக்கு வந்த சந்தோஷத்தை நான் வேறு யார் முகத்திலும் பார்த்ததில்லை. அரிசி புடைத்துக்கொண்டே மாமியாராகவும் மருமகளாகவும் மாறி மாறிப் பேசுவார். நான் ஆபீசிலிருந்து வந்தால், "முகப்புலேருந்து கெணத்தடி வரைக்கும் நட தம்பி, மெதுவா" என்பார். நான் நடக்கும் நேரத்துக்குள் எத்தனை வரி பேச முடியும் என்று வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்ப்பார். வரி மிஞ்சினால் அடித்துவிடுவார். ஒருநாள் 'அவள் அழுகிறாள்' என்று எழுதியதை அடித்துவிட்டு, 'அவள் முறத்தைக் கீழே வைக்கவில்லை' என்று எழுதிக் காட்டினார்.

"எழுதுறதவிட அடிக்கிறதுலதான்டா சொகம்" என்று சிரித்தார்.

இந்த இடத்தில் பெரியப்பச்சி மகன் வருகிறார். பெரியப்பா பிள்ளை, எங்கள் இருவருக்கும் அண்ணன். சென்னையில் படக் கம்பெனியில் இருந்தார். பெயர் சொல்ல மாட்டேன். முன்வரிசையில் இருப்பார், அவர் கையிலும் இந்த மலர் இருக்கும். ஊருக்கு வந்தவர் ஆச்சியின் முதல் நோட்டைப் படித்துப் பார்ப்பதாக வாங்கிப் போனார். ஆறு மாதம் கழித்து, "கம்பெனியில புடிக்கலையாம் தங்கச்சி" என்று திருப்பிக் கொடுத்தார்.

மறு வருடம் அந்தக் கம்பெனியின் புதுப் படத்தைக் காரைக்குடிக் கொட்டகையில் பகல் ஆட்டம் பார்த்தோம். கதை, திரைக்கதை, வசனம் என்று அவர் பெயர் வந்தது. வசனம் எழுத்துக்கு எழுத்து ஆச்சியுடையது. இடைவேளையில் பெண்கள் பக்கம் ஓடினேன். ஆச்சி பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"எடுத்துக்கிட்டதக்கூட விட்டுருவேன். அழுகாத பொம்பளைய அழுக வச்சுட்டானேடா" என்றார். பிறகு யோசித்துச் சொன்னார்: "வலப்பக்கம் பூராவும் இருக்கு. இடப்பக்கத்துல ஒண்ணுகூட இல்ல. அண்ணன் அதப் படிக்கவே இல்ல தம்பி."

அடுத்த பொங்கலுக்கு அண்ணன் கூச்சமே இல்லாமல் வந்து நின்றார். "புதுசா ஏதாச்சும் எழுதி வச்சிருக்கியா தங்கச்சி?"

நான் வாயைத் திறப்பதற்குள் ஆச்சி முந்திக்கொண்டார். "நாலு நாளு இருப்பீகளாண்ணே? முடிச்சுத் தாரேன்."

அந்த நாலு நாளும் அவர் எழுதிய வேகத்தையும் தனக்குத்தானே சிரித்ததையும் நான் மறக்கவில்லை. அண்ணன் வாங்கிப் போய், வழக்கம்போல வலப்பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு, கம்பெனி ஆளை விட்டு அப்படியே நகல் எடுத்துக்கொண்டார். நோட்டு தபாலில் திரும்பி வந்தது.

படம் எடுக்கப் போகும் வீட்டிலேயே கதையை வாசித்துக் கேட்பது அந்தக் கம்பெனி டைரக்டரின் வழக்கம். அவரை எங்கள் வீட்டுக்கே அழைத்து வந்தார் அண்ணன். தன் பெருமையைப் பார்க்கட்டும் என்று பங்காளிகள் அத்தனை பேரையும் கூப்பிட்டிருந்தார். வளவு நிறைந்திருந்தது. டைரக்டரின் உதவியாளர் இரண்டு பக்கத்தையும் சத்தமாக வாசித்தார்.

வலப்பக்கம்: 'கவலைப்படாதே தங்கச்சி, நான் இருக்கிறேன்.' இடப்பக்கம்: அதைச் சொல்லும்போதே அண்ணன் கை அவள் பெட்டியிலிருந்து நோட்டை எடுக்கிறது. வலப்பக்கம்: 'உனக்கு ஒரு குறையும் வராது.' இடப்பக்கம்: அவள் பெயர் இருந்த தாளைக் கிழித்துப் போட்டுத் தன் பெயரை எழுதுகிறான்.

வளவில் இருந்தவர்கள் அண்ணனைத் திரும்பிப் பார்த்தார்கள். டைரக்டர் மட்டும் தொடையைத் தட்டிச் சிரித்தார். "பிரமாதம்யா! இப்படியொரு திருட்டுப் பயலை எங்கேய்யா பிடிச்சீங்க?"

தூணோரம் நின்ற ஆச்சி பதில் சொன்னார். "வெளிய எங்குட்டும் போயிப் புடிக்கல. இங்குட்டுத்தான் உக்காந்திருக்காக."

அண்ணன் அன்றைக்கே கல்லலில் ரயிலேறினார். அந்தப் பகல் எனக்கு இன்றும் இனிக்கிறது, மறைக்க மாட்டேன்.

ஆனால் படம் நின்று போயிற்று. சென்னைக்கு வந்து எழுதும்படி டைரக்டர் ஆச்சிக்குக் கடிதம் போட்டார். வீட்டுப் பெரியவர்கள் கூடி வேண்டாம் என்றார்கள். அவர்களில் சிலரும் இன்று இலையில் உட்காருவார்கள். அவர்களையும் நான் மன்னிக்கவில்லை. கடைசி வரை ஆச்சி பெயர் எந்தத் திரையிலும் வரவில்லை. அவர் மட்டும் எழுதிக்கொண்டே இருந்தார். கை நடுங்கிய பிறகு அவர் சொல்ல நான் எழுதினேன். சிவபதம் அடைவதற்கு முந்தின நாள் அவர் என்னிடம் சொன்னது, "அந்தக் கடைசி வரி வேணாம், அடிச்சுரு."

நான்கு மாதம் வீட்டுக்கே வந்து பார்த்த டாக்டருக்கும், கஞ்சி வைத்துக் கொடுத்த, அண்ணமிண்டி என்று நாங்கள் அழைக்கும் பக்கத்து அறை அண்ணிக்கும், காரியத்துக்கு வந்து நின்ற ஊராருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

பெரியப்பச்சி மகனுக்கும் ஒரு வார்த்தை. காரியத்தன்று என்னைத் தனியே கூப்பிட்டு, "தங்கச்சி நோட்டையெல்லாம் என்ன செஞ்ச?" என்று கேட்டீர்கள். "கட்டையோட சேத்துக் கொளுத்தியாச்சுண்ணே" என்றேன். உங்கள் முகம் அப்போதுதான் முதல்முதலாக வாடியது. நான் சொன்னது பொய். பதினேழு நோட்டும் என் பெட்டியில் இருக்கின்றன.

நம் வீடுகளில் சீர்ப் பாத்திரம் ஒவ்வொன்றிலும், கரண்டி உட்பட, உரியவர் பெயரை வெட்டித்தான் வைப்போம். ஆச்சியின் நோட்டுகளுக்கு அதைச் செய்யாமல் விட்டது என் தப்பு. இந்த ஒரு வருடமும் ஆபீஸ் விட்டு வந்து அந்த வேலையைத்தான் செய்தேன். ஒவ்வொரு தாளிலும், இரண்டு பக்கத்திலும், அழியாத மையில் அவர் பெயர் இருக்கிறது. படிக்க விரும்புகிறவர்கள் எப்போது வேண்டுமானாலும் வீட்டுக்கு வரலாம். நீங்களும் வாருங்கள், அண்ணே. என் எதிரில் உட்கார்ந்து படித்துவிட்டு, வெறுங்கையோடு போங்கள்.