பவுடர் அத்தையின் மாடிப்படி

எங்கள் அத்தைக்கு சைக்கிள் டியூப் தொழிற்சாலையில் வேலை. ரப்பரோடு ரப்பர் ஒட்டிக்கொள்ளாமலிருக்க, மடிப்பதற்கு முன் டியூபுக்கு டால்கம் பவுடர் பூசுவாள். அதே வேலையை வீட்டிலும் தொடர்ந்தாள். இழுக்க வராத டிராயர், சிக்கு விழுந்த சங்கிலி, பிசுபிசுத்த சீட்டுக்கட்டு, அப்பா சட்டையில் எண்ணெய்க் கறை, எதைச் சொன்னாலும் டப்பாவும் கையுமாக வந்து நிற்பாள். முகத்துக்கு மட்டும் போட மாட்டாள்.

"அது கல்லுடி," என்பாள் என்னிடம். "நகத்தால சுரண்டுனாலே உதிர்ற கல்லு. எண்ணெய உறிஞ்சும், ஒண்ணோட ஒண்ணு உரசாம வழுக்கி விடும். வேற என்ன வேணும்?"

நாற்பது வயதுவரை கல்யாணப் பேச்சை எடுத்தாலே முகத்தைத் திருப்பிக்கொண்டவள், தொழிற்சாலைக்கு வந்த லிஃப்ட் மெக்கானிக்கிடம் மனதைப் பறிகொடுத்துவிட்டாள். லிஃப்ட் என்னவோ ஒழுங்காகத்தான் ஓடியது. மனிதர் வாரம் தவறாமல் வந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில், ஞாயிறு மதியம் அப்பாவிடம் பேச வருவதாகச் சொல்லிவிட்டார்.

மதியம் அப்பா மாடியில் தூங்குவார். எங்கள் மரப்படி மிதித்தால் கிறீச்சிடும். அந்தச் சத்தத்தில் விழித்தால் அன்று முழுக்க எரிந்து விழுவார். சத்தமில்லாமல் மேலே கூட்டிப்போய், காப்பி கொடுத்து, பதமாக எழுப்ப வேண்டும் என்பது அத்தையின் திட்டம்.

படியின் இடுக்குகளில் பவுடரை இறக்கினாள். சத்தம் நின்றது. அதோடு விட்டிருக்கலாம். சந்தோஷத்தில் கை நிற்கவில்லை. படியின் மேலேயும் தாராளமாகத் தூவி, துணியால் தேய்த்துப் பளபளக்க வைத்தாள்.

மெக்கானிக் வாசலில் ஷூவைக் கழற்றிவிட்டு, சாக்ஸ் காலோடு ஏறினார். ஒரு சத்தமில்லை. அத்தை முகம் பூரித்தது. உச்சிப் படியில் கால் வைத்தவர், அப்படியே உட்கார்ந்த வாக்கில் ஒரு படி விடாமல் இறங்கி, எங்கள் காலடிக்கு வந்து சேர்ந்தார். தலையிலிருந்து கால்வரை வெள்ளை.

அத்தை வாயைப் பொத்திக்கொண்டாள். எல்லாம் போச்சு என்றே நானும் நினைத்தேன்.

அவர் கைகால்களை அசைத்துப் பார்த்தார். படியை விரலால் தடவினார். "என்ன போட்டீங்க?"

"பவுடர்," என்றாள் அத்தை, அழுகிற குரலில்.

"இத்தன வருஷமா லிஃப்ட் பாக்குறேன். இவ்வளவு சத்தமில்லாம எதுவும் கீழ இறங்குனதில்ல."

அத்தைக்குச் சிரிப்பு பீறிட்டது. அடக்க அடக்கக் கூடியது. அவர் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அதில்தான் அப்பா விழித்தார்.

"யாரது?" என்றார் மேலே நின்று.

"உங்க தங்கச்சிய கேட்டு வந்தேங்க," என்றார் மெக்கானிக். "மேல வரத்தான் பாத்தேன்."

"இருங்க, நான் கீழ வர்றேன்."

நாங்கள் மூவரும் "வேணாம்" என்று கத்துவதற்குள் அப்பா கால் வைத்துவிட்டார்.

மெக்கானிக்கின் மடியில் வந்து முட்டிய அப்பா, எரிந்து விழவில்லை. கண்ணில் நீர் வரச் சிரிக்கும் தங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவ இப்படி சிரிச்சு நான் பாத்ததே இல்ல," என்றார். பிறகு மெக்கானிக்கிடம், "கல்யாணத்த எப்ப வச்சுக்கலாம்?"