நானூறும் நானூறும் ஒன்றல்ல

சென்ற வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து, நிந்தவூரில் நண்பன் றிபாஸின் ஸ்டூடியோவுக்குள் நுழைந்தேன். கல்யாண வீடியோ எடுப்பது அவன் தொழில். கம்ப்யூட்டரின் முன்னால் உட்கார்ந்திருந்தான்.

"டிஸ்க் திறக்குதில்ல மச்சான். மருதமுனைக் கல்யாணம் முழுக்க இதுக்குள்ளதான் கிடக்கு."

வேறு பிரதி இல்லை. மாப்பிள்ளை கத்தாருக்குத் திரும்பிவிட்டார். நிக்காஹை மறுபடி நடத்தச் சொல்ல முடியுமா? மாலையில் பெண்ணின் காக்கா — அண்ணன் — வீடியோ வாங்க வருவதாக ஏற்பாடு.

நடந்தது இதுதான். றிபாஸின் கம்ப்யூட்டர் லினக்ஸில் இயங்குவது. ஐந்நூறு ஜிபி டிஸ்க் முழுவதும் ஒரே பார்ட்டிஷன், அதாவது ஒரே பிரிவு. அதை நானூறாகச் சுருக்கி, மிச்சத்தில் இன்னொன்று அமைக்க எண்ணினான். முதலில் உள்ளே ஃபைல்களை அடுக்கி வைத்திருக்கும் ஃபைல் சிஸ்டத்தைச் சுருக்க வேண்டும். பிறகு அதைச் சூழ்ந்த பார்ட்டிஷனின் எல்லையை உள்ளே நகர்த்த வேண்டும். இரண்டுக்கும் வெவ்வேறு கட்டளைகள். இரண்டிலும் நானூறு என்றே கொடுத்திருக்கிறான்.

"நானூறு எண்டா நானூறுதானே?" என்று என்னிடமே வாதாடினான்.

விவாதப் போட்டிகளில் பேசுபவன் நான்; எனக்குப் பழகிய இடம் இது. எதிரணி ஒரு சொல்லை அடித்துச் சொன்னால், வரைவிலக்கணத்தைக் கேட்பேன் — பாதி வாதம் அங்கேயே சரிந்துவிடும்.

"எந்த நானூறு? ரெண்டு கட்டளையும் ஜிபிய ஒரே மாதிரியா எண்ணுது?"

அவனுக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியாது என்பது வேறு விடயம்... இரண்டின் கையேடுகளையும் திறந்து படித்தோம். கேபி, எம்பி, ஜிபி என்று ஏறும் ஒவ்வொரு படியையும் முதற்கட்டளை ஆயிரத்து இருபத்து நான்கு மடங்குகளாகக் கணக்கிடுகிறது. இரண்டாவது ஆயிரம் மடங்குகளாக. ஆகவே முதல் நானூறு, இரண்டாவதின் கணக்கில் நானூற்று இருபத்தொன்பதரை! ஃபைல் சிஸ்டத்தின் வால்பகுதி, ஏறத்தாழ முப்பது ஜிபி, எல்லைக்கு வெளியே நின்றது.

"அப்ப அழிஞ்சிட்டா?"

அழியவில்லை. நகர்ந்தது எல்லை மட்டுமே. புதிய பார்ட்டிஷனை அவன் இன்னும் அமைக்காததால், வெளியே நின்றவற்றின்மேல் எதுவும் எழுதப்படவில்லை. எல்லையை நானூற்று முப்பதுக்குத் தள்ளச் சொன்னேன். தள்ளினான். சோதித்தான். பிஸ்மி சொல்லித் திறந்தான்.

திரையில் மாப்பிள்ளை வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் றிபாஸும்.

"உன்ட வாயால முதல் தடவையா ஒரு பிரயோசனம் மச்சான்" என்றான். அவன் நன்றி சொல்லும் முறை அது. அதன்பின் அவன் செய்த முதல் வேலை, வேறொரு டிஸ்கில் பிரதி எடுத்தது.

மேடையில் வெறும் எண்ணைச் சொன்னால், "அலகு எங்கே?" என்று நடுவர் கேட்பார். கட்டளை கேட்காது — வெட்டிவிடும்.