முதுகில் வலித்தது, நோய் கழுத்தில் இருந்தது

என் கணவர் காதர் போன ரஜப் மாதம் குவைத்திலிருந்து லெப்பைக்குடிக்காட்டுக்கு வந்தபோதே இடுப்பில் பெல்ட் கட்டியிருந்தார். அங்கே வேலை பார்த்த கடையில் மூட்டை தூக்கியதால் வந்த முதுகுவலி என்றுதான் எல்லோரும் நினைத்தோம். தைலம் தேய்த்தோம். ஊசி போட்டோம். குறையவில்லை.

ஒரு நாள் மாலை அஸர் தொழுகையில் நெற்றியைத் தரையில் வைத்து ஸஜ்தாவுக்குப் போனவர் எழவில்லை. ஓடினேன்.

"காலு எங்க இருக்குன்னே தெரியல பாத்திமா," என்றார்.

பெரம்பலூரில் ஸ்கேன் எடுத்ததும் திருச்சிக்கு அனுப்பினார்கள். முதுகெலும்பில் கட்டி, நரம்பை அழுத்துகிறது என்றார்கள். அன்றே ஆபரேஷன். "யா அல்லாஹ், அவரை நடக்க வை" என்று அழுதேன். வேறு வார்த்தையே வரவில்லை.

எடுத்த சதையைப் பரிசோதித்த பிறகு டாக்டரம்மா கூப்பிட்டார்.

"இது முதுகுல உண்டானது இல்லம்மா. தைராய்டு புற்றுநோய். கழுத்துல இருந்து எலும்புக்குப் பரவியிருக்கு."

"கழுத்துல ஒரு வீக்கம்கூட இல்லீங்களே."

"சில பேருக்கு இப்படித்தாம்மா. எலும்பு வலிதான் முதல்ல தெரியும்."

தைராய்டை எடுத்தார்கள். பிறகு அயோடின் மருந்து கொடுத்துத் தனி அறையில் வைத்தார்கள். கதிர்வீச்சு இருப்பதால் யாரும் பக்கத்தில் போகக் கூடாதாம். "அத்தாவத் தொடக் கூடாதாம்மா?" என்று மகள் அழுதாள். கால்களுக்கு உணர்வு வரவேயில்லை, முதுகுவலியும் விடவில்லை. எனக்கு அல்லாஹ்விடமே கோபம் வந்தது. தொழுகை விரிப்பில் ஒன்றும் கேட்காமல் உட்கார்ந்திருந்தேன். கடைசியில், "நடக்காட்டியும் பரவாயில்ல ரப்பே, அந்த வலிய மட்டும் எடுத்துடு," என்றேன்.

ஊருக்கு வந்த பிறகு ஒரு மதியம் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தேன். வலியில் மாதக்கணக்காய் முதுகைத் தரையில் வைத்துப் படுக்க முடியாதவர், மல்லாந்து படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். மூச்சு வருகிறதா என்று பயந்து அருகே போனேன். கண் விழித்தார்.

"வலிக்கலடி," என்றார். இரண்டு பேரும் அழுதோம்.

இன்றும் அவரை நான்தான் தூக்கி நாற்காலியில் உட்கார வைக்கிறேன். நோய் முழுதாகப் போகவில்லை. மறுபடி மருந்துக்குப் போக வேண்டும். என் மனசு உடைந்துதான் கிடக்கிறது. ஆனால் முன்பு நேரம் கிடைத்தால் மட்டும் தொழுதுகொண்டிருந்தவள், இப்போது பள்ளிவாசலில் பாங்கு சொல்வதற்குக் காத்திருக்கிறேன். அல்ஹம்துலில்லாஹ்.

சகோதரிகளே, ஓயாத முதுகுவலியைத் தைலத்தோடு விட்டுவிடாதீர்கள், டாக்டரிடம் காட்டுங்கள். அல்லாஹ்விடம் துஆ கேட்பதையும் விடாதீர்கள். கேட்டது கிடைக்கவில்லை என்றால் அந்தக் கோபத்தோடேயே அவனிடம் போங்கள். அப்படிப் போன என்னை அவன் திருப்பி அனுப்பவில்லை.