விண்டோஸ் முகமும் லாபு தோட்டத்துக் கிராணியும்

ப்ரோக்ராம் எழுதுகிற தொழிலில் கணக்கு தப்பினால்கூட மன்னிப்பார்கள், பட்டன் நிறம் பிடிக்காவிட்டால் மன்னிக்கமாட்டார்கள். இதே தொழிலில் மாட்டிக்கொண்டு முழிக்கும் உங்களுக்கு நான் சொல்லவா வேண்டும்?

தொண்ணூறுகளில் தெமியாங் டவுனில், ஒரு மாடிக்கடைக் கம்ப்யூட்டர் கம்பெனியில் எனக்கு வேலை. லாபு பக்கம் ஒரு தோட்ட ஆபீசுக்கு, ரப்பர் பால் எடையைப் பதிகிற ப்ரோக்ராம் எழுதினேன். அது அச்சு அசல் விண்டோஸ் மாதிரியே இருக்க வேண்டும் என்பது முதலாளியின் உத்தரவு. தோட்டத்துக்காரர்கள் ப்ரோக்ராம் வேண்டாம் என்றால் நான் வேறு வேலை தேடிக்கொள்ளலாம் என்றும் சொல்லிவிட்டார்.

சாம்பல்

விண்டோஸின் அதே சாம்பல் நிறத்தைப் பார்த்துப் பார்த்துக் கொடுத்திருந்தேன். ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி மாணிக்கம், பழைய ப்ரோக்ராமின் நீலத் திரையில் மஞ்சள் எழுத்தைப் பார்த்துப் பழகியவர். புதுத் திரையை மேலும் கீழும் பார்த்தார். நான் பாராட்டுக்குக் காத்திருந்தேன்.

“என்னா தம்பி, எழவு வீடு கணக்கா இருக்கு. கொஞ்சம் கலர் போட்டா உங்க முதலாளி கோவிச்சுக்குவாரா?”

பச்சை

முடியாது என்றேன். மறுவாரமே தோட்டத்திலிருந்து போன் வந்தது. எழுத்தெல்லாம் காணவில்லையாம், ஆட்கள் பால் வாளியோடு நிற்கிறார்களாம். மோட்டார் சைக்கிளில் பறந்தேன். மனுஷர் விண்டோஸையே பச்சையாக்கி, எழுத்தை வெள்ளையாக்கி வைத்திருந்தார். என் ப்ரோக்ராம் எழுத்து நிறத்தை விண்டோஸிடம் வாங்கிக்கொள்ளும். பின்னணி மட்டும் நான் கொடுத்த சாம்பல்தான். சாம்பல் மேல் வெள்ளை யார் கண்ணுக்குத் தெரியும்? எரிச்சலில் கத்திவிட்டேன். கிராணி அசரவில்லை.

“உங்க ப்ரோக்ராம நான் தொடவே இல்ல லா. வீட்டுக்கு வெளியதான பெயிண்ட் அடிச்சேன்.”

பொட்டு

தோட்டத் தலைமை ஆபீஸ் மேனேஜர் சுந்தரம் ப்ரோக்ராமைப் பார்க்க வந்தது ஆயுத பூஜைக்கு மறுநாள். அவர் தலையாட்டினால்தான் எனக்கு வேலை. போய்ப் பார்த்தால், திரையின் நான்கு மூலையிலும் சந்தனமும் குங்குமமும். மேல் வலது மூலைப் பொட்டு, மூடுகிற எக்ஸ் பட்டனை முழுசாக மறைத்திருந்தது. துடைக்கப் போன என் கையைக் கிராணி பிடித்துக்கொண்டார். சாமிக்கு வைத்தது, தானாகத்தான் உதிர வேண்டுமாம்.

மேனேஜர் உட்கார்ந்து ஓர் எடையைப் பதிந்தார். எப்படி மூடுவது என்று கேட்டார். மௌஸைப் பொட்டு மேலேயே கொண்டுபோய் அழுத்தச் சொன்னார் கிராணி. அம்பு பொட்டுக்குள் போய் மறைந்தது, ப்ரோக்ராம் மூடிக்கொண்டது. மேனேஜர் என் பக்கம் திரும்பினார்.

“நல்லா அடையாளமா இருக்கு. மத்த தோட்டத்துக்கும் பொட்டு வச்சே கொடுத்துருங்க.”

விண்டோஸ் மாதிரியே இருக்க வேண்டும் என்று உயிரை விட்ட எனக்கு, வேலை நிலைத்தது என்னவோ ஒரு சந்தனப் பொட்டின் தயவில்தான்.