நூற்று எழுபத்தாறாம் பக்கத்தில் ஒரு கதவு

அக்காவின் படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றது. கதைப் புத்தகம் எதையும் அவள் முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை படித்ததில்லை. ஆனால் கிளை நூலகத்தில் இருக்கும் நாவல், நாடகம் எதைப் பற்றிக் கேட்டாலும் பட்டென்று கருத்துச் சொல்வாள். சொல்லும்போது குரலில் ஒரு மிடுக்கும் இருக்கும். அத்தனையும் தம்பியின் கருத்து.

அந்த நூலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு புத்தகத்தின் பின்னட்டை உள்பக்கத்திலும் கோடு போட்ட ஒரு தாள் ஒட்டியிருக்கும். படித்து முடித்தவர்கள் அதில் நாலு வரி எழுதலாம். பெயர் வேண்டாம், நூலக அட்டை எண் போதும். புத்தகம் நைந்துபோனால் அக்காவின் பைண்டிங் அறைக்கு வரும். புது அட்டை போடும்போது அந்தக் கருத்துத் தாளைப் பழைய அட்டையிலிருந்து பழுதில்லாமல் எடுத்து மறுபடி ஒட்டித் தரவேண்டும் என்பது நூலகர் மேடத்தின் கண்டிப்பு. அக்கா கெட்டிலில் தண்ணீரைக் கொதிக்கவைத்து, ஆவியில் காட்டி, நகம் படாமல் உரிப்பாள். ஈரத் தாள் காயும்வரை வேறு வேலை ஓடாது. அந்த நேரத்தில் படிப்பாள். அட்டை எண் 614 என்று கண்டால் இரண்டு தரம் படிப்பாள்.

614 தம்பி. மருத்துவமனைச் சலவைப் பிரிவில் பதின்மூன்று வருடமாக வேலை. பெரிய உலர்த்தும் இயந்திரம் ஒரு சுற்று ஓட நாற்பது நிமிடம் ஆகும். மற்றவர்கள் அந்த நாற்பது நிமிடத்தில் வெளியே காற்று வாங்கப் போவார்கள். இவன் துணி மூட்டைமேல் உட்கார்ந்து நாவல் படிப்பான். எதைப் படித்தாலும் நல்லது கெட்டது சொல்லாமல் விடமாட்டான் என்பதால் அங்கே அவனுக்குப் பெயரே 'தீர்ப்பு'.

அரசர் காலத்து நாவல் ஒன்றில் அவன் எழுதியிருந்தது: "முந்நூறு பக்கம் குதிரைகள் ஓடுகின்றன. ஒன்றுகூடத் தண்ணீர் குடிக்கவில்லை." துப்பறியும் கதை ஒன்றில்: "கொலைகாரன் யார் என்று நாலாம் அத்தியாயத்திலேயே தெரிந்துவிட்டது. இருந்தும் விடாமல் படித்தேன். துப்பறிகிறவர் தன் வீட்டுக் குழாயைச் சரிசெய்ய முடியாமல் திண்டாடும் இடங்கள் அருமை." ஒரு நாடகத்துக்கு: "மேடையில் ஐந்து பேர். நாலு பேர் ஓயாமல் பேசுகிறார்கள். பேசாத ஐந்தாவது ஆளுக்காகவே படிக்கலாம்." காதல் கதை ஒன்றுக்கு: "இவர்கள் ஒருமுறை உட்கார்ந்து பேசியிருந்தால் இருபது பக்கத்தில் முடிந்திருக்கும். ஆனால் நானும் வாழ்க்கையில் அப்படிப் பேசியதில்லை. குறை சொல்ல எனக்கு வாயில்லை." இந்தக் கடைசித் தாளை ஒட்டும்போது அக்காவுக்குக் கண் கலங்கியது. அவன் கல்யாணப் பேச்சை எடுப்பதை அன்றோடு நிறுத்திக்கொண்டாள்.

நூலகர் மேடம் இந்தக் கருத்துகளையெல்லாம் கவனித்துக்கொண்டேதான் இருந்தார். இந்த வருடம் நூல் தேர்வுக் குழுவில் வாசகர் இடம் ஒன்று காலியானதும் 614ஐத் தேடிப் பிடித்துப் போட்டிக்குப் பெயரைச் சேர்த்தார். புதிதாக என்னென்ன நாவல், நாடகம் வாங்கலாம் என்று முடிவு செய்கிற குழு அது. போட்டியில் இருக்கும் மூன்று பேரும் சனிக்கிழமை மாலை உறுப்பினர்கள் முன்னால் ஆளுக்கு ஒரு புத்தகம் பற்றிப் பேசவேண்டும், கேள்விகளுக்குப் பதில் சொல்லவேண்டும். பிறகு கை தூக்கி வாக்கு. தம்பி முதலில் மாட்டேன் என்றான். பத்தாவது தாண்டாதவன் அங்கே போய் என்ன பேசுவது என்று கேட்டான். அக்கா மூன்று வாரம் கல்லைக் கரைப்பதுபோல் கரைத்துச் சம்மதிக்க வைத்தாள். ஊரெல்லாம் சொல்லியும் வைத்துவிட்டாள்.

அவன் எடுத்துக்கொண்டது அக்கா தங்கை இருவர் பற்றிய நாவல். சண்டையில் வீட்டை நடுவே சுவர் வைத்துப் பிரித்து, பதினோரு வருடம் முகம் பார்க்காமல் இருக்கிறார்கள். அக்காக்காரிக்கு உடம்பு முடியவில்லை என்று கேள்விப்பட்டுத் தங்கை புறப்பட்டுப் போகிறாள். கதவின் தாழ்ப்பாளில் கை வைக்கிறாள். அதோடு கதை முடிகிறது. "கதவைத் திறந்து காட்டாமல் நம்மிடம் விட்டாரே, அது துணிச்சல்" என்று தம்பி எழுதியிருந்தான். அதற்குக் கீழே வேறு மூன்று பேர் 'நானும் அப்படியே நினைத்தேன்' என்று எழுதி எண் போட்டிருந்தார்கள்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அக்கா பழைய அட்டைகளை ஒழித்துக்கொண்டிருந்தாள். கழற்றிய அட்டையை ஒரு வருடம் வைத்திருந்து, பிறகுதான் கழிப்பாள். அது அவள் கணக்கு. தம்பி பேசப்போகும் நாவலின் பழைய பின்னட்டை வழக்கத்தைவிடக் கனமாக இருந்தது. புரட்டினாள். அட்டைக்கும் அதன்மேல் கிடந்த வெற்றுத் தாளுக்கும் நடுவே, நனைந்து காய்ந்த பசையில் இறுகி, ஒரு பாரம் முழுதாக ஒட்டிக்கொண்டிருந்தது. பதினாறு பக்கம் சேர்ந்த ஒரு மடிப்புக்குத்தான் பாரம் என்று பெயர். முதல் பக்கத்தின் எண் 177.

தைக்கும்போது ஒன்று முதல் நூற்று எழுபத்தாறுவரை எண் சரியாகத் தொடர்கிறதா என்று பார்த்திருந்தாள். இரண்டு தரம் பார்த்திருந்தாள். அதற்குமேல் கதை இருக்கிறதா என்று பார்க்கத் தோன்றவில்லை. கதையைப் படிக்கிறவர்களுக்கல்லவா அது தோன்றும்? இருபத்திரண்டு வருடத்தில் ஒரு பக்கம் விட்டதில்லை என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னவள், விட்டால் பதினாறாக விட்டிருந்தாள். அதுவும் இந்தப் புத்தகத்தில்.

பேசாமல் இருந்துவிடலாமா என்று ஒரு மனம் சொன்னது. கூட்டம் முடிந்தபின் சத்தமில்லாமல் தைத்துவிடலாம். காதும் காதும் வைத்ததுபோல் முடிந்துவிடும். ஆனால் அங்கே முழுப் புத்தகம் படித்தவர் ஒருவர் இருந்தால் போதுமே, தம்பி நாலு பேர் முன்னால் தலைகுனிந்து நிற்பான். சொன்னாலோ, 'நான் வரவில்லை' என்று உட்கார்ந்துவிடுவான். எப்படிப் பார்த்தாலும் போகப்போவது அவன் இடம்தான். அரைமணி நேரம் அந்தப் பாரத்தை ஆவியில் காட்டி ஒவ்வொரு இதழாகப் பிரித்தாள். காய்ந்ததும் வெள்ளைத் தாளில் சுற்றிக்கொண்டு மருத்துவமனைக்குப் பேருந்து ஏறினாள்.

சலவைப் பிரிவு கட்டடத்தின் பின்பக்கம். உள்ளே சோப்பு வாசனையும் வெக்கையும். தம்பி ஒரு முனையும் வயதில் மூத்த ஒரு அம்மா மறுமுனையுமாகக் கட்டில் விரிப்பு மடித்துக்கொண்டிருந்தார்கள். அக்காவைக் கண்டதும் அவன் கைகள் நின்றன.

"என்னக்கா, இந்த நேரத்துல?"

"நீ படிக்காத பதினாறு பக்கம்" என்று நீட்டினாள். "இன்னிக்குப் பேசப்போறியே, அந்தப் புத்தகத்தோடது. அட்டையில ஒட்டிக்கிட்டிருந்துச்சு. நான்தான்டா பார்க்காம விட்டுட்டேன்."

அவன் பக்க எண்ணைப் பார்த்தான். அக்காவைப் பார்த்தான். கையைத் துடைத்துக்கொண்டு மூட்டைமேல் உட்கார்ந்தான். எதிர்முனை அம்மா அக்காவின் காதோரம், "தீர்ப்புக்கு மேல்முறையீடு வந்திருக்கு போல" என்றார். சிரிக்க முடியவில்லை. சும்மா நிற்கவும் முடியாமல் தம்பி விட்ட முனையை அக்கா பிடித்துக்கொண்டாள். ஓரத்தோடு ஓரம் சேர்த்து மடித்தார்கள். பக்கத்தில் இயந்திரம் சுற்றிக்கொண்டிருந்தது.

ஏழெட்டு விரிப்பு மடித்திருப்பார்கள். தம்பி வாய்விட்டுச் சிரித்தான். அக்கா திடுக்கிட்டுத் திரும்பினாள். அவன் நிமிரவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் கழித்துக் கடைசித் தாளை மூடியபோது அந்த முகத்தில் சிரிப்பு இல்லை.

"நான் போகலக்கா."

எதிர்பார்த்ததுதான். தப்பு தன்னுடையது என்றும், அங்கே வந்து தானே சொல்வதாகவும் அக்கா சொன்னாள்.

"நீ பக்கத்தைத்தான் விட்ட. முடிவு பிரமாதம்னு எழுதினது நான். என்னை நம்பி மூணு பேர் கையெழுத்து வேற."

எதிர்முனை அம்மா விரிப்பை இழுத்து உதறினார். "அது கிடக்கட்டும் தம்பி. இப்ப முழுசாப் படிச்சியே, நல்லாருக்கா இல்லையா? அதைச் சொல்லு."

அவ்வளவுதான் கேட்டார். அவன் ஆரம்பித்தான். கதவைத் திறந்து தங்கை உள்ளே போனால் அக்காக்காரி குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்கிறாள். நோயும் இல்லை, நொடியும் இல்லை. புரளியைக் கிளப்பிவிட்டதே அவள்தான். அப்புறம் கட்டிப்பிடித்து அழுவார்கள் என்று பார்த்தால், பதினோரு வருடத்துக்கு முன்னால் யாரோ எடுத்த ஒரு குடைக்காகப் புதிதாகச் சண்டை போடுகிறார்கள். பன்னிரண்டு பக்கம் சண்டை. சண்டை போட்டுக்கொண்டே ஒருத்தி தட்டை வைக்கிறாள், மற்றவள் உட்கார்ந்து சாப்பிடுகிறாள். எழுதியவர் சமாதானம் என்ற சொல்லை ஓரிடத்திலும் எழுதவில்லை. அவன் சொல்லிக்கொண்டே போனான். இயந்திரம் சுற்றை முடித்துக் கூவியது. யாரும் போய்த் திறக்கவில்லை.

"இதையே அங்க சொல்லு" என்றாள் அக்கா. "ஒரு சொல் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்."

மாலை ஐந்து மணிக்கு நூலகத்தின் நீள மேசையைச் சுற்றிப் பதினாறு உறுப்பினர்கள் இருந்தார்கள். அக்காவும் வேடிக்கை பார்க்க வந்த சிலரும் சுவரோர நாற்காலிகளில். முதலில் மருந்துக்கடைக்காரர் ஒரு சரித்திர நாவலைப் பற்றிப் பேசினார். எல்லாம் நன்றாக இருக்கிறது என்பதைப் பல விதமாகச் சொன்னார். அடுத்துக் கல்லூரியில் பாடம் எடுக்கும் ஒருவர் ஒரு நாடகத்தைத் துண்டுதுண்டாகப் பிரித்துக் காட்டினார். கேட்டவர்களுக்கு மரியாதை வந்ததே தவிர, படிக்கும் ஆசை வரவில்லை.

தம்பி எழுந்து முதலில் தன் பழைய கருத்தை வாசித்தான். பிறகு கையிலிருந்த பாரத்தை மேசைமேல் வைத்து, இது இல்லாத புத்தகத்துக்குத்தான் அப்படி எழுதினேன் என்றான். மேசையைச் சுற்றிச் சிரிப்பு எழுந்தது. பாரம் எப்படி விட்டுப்போனது என்று அவன் சொல்லவில்லை. அக்காவே எழுந்து, பைண்டிங் செய்தது தான், பிழையும் தன்னுடையது என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். நூலகர் மேடம் அவளைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார். பிறகு தம்பி, பொய் நோயிலிருந்து குடைச் சண்டைவரை, காலையில் சலவைப் பிரிவில் சொன்னதையே சொன்னான்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் அந்தக் குழுவில் மூத்தவர். அந்த நாவல் அவர் வீட்டிலேயே இருந்தது. அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"முடிவு இல்லைங்கிறதே தெரியாம முடிவைப் பாராட்டினவர் நீங்க. உங்களை நம்பி நாங்க எப்படிப் புத்தகம் வாங்கறது?"

தம்பி மேசைமேல் இருந்த பாரத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

"நியாயமான கேள்வி ஐயா. அதுவரைக்கும் அவ்வளவு நல்லா எழுதினவங்க, இங்க நிறுத்தினாலும் ஒரு காரணத்தோடதான் நிறுத்தியிருப்பாங்கன்னு நம்பிட்டேன். அந்த நம்பிக்கை தப்பில்லை. ஆனா மீதி வேலையை என் மனசு செஞ்சுடுச்சு. ரெண்டு பேரும் கட்டிப்பிடிச்சு அழுவாங்கன்னு நானே முடிச்சு வச்சுக்கிட்டேன். அதைத்தான் பாராட்டியிருக்கேன். கதவைத் திறக்காம விடறது சுலபம் ஐயா. திறந்ததுக்கு அப்புறம் உள்ள இருக்கிறவளைப் பேச வைக்கிறதுதான் கஷ்டம். அவங்க அதைச் செஞ்சிருக்காங்க. என் கருத்தை மாத்திக்கிறேன்."

அந்தக் குடை கடைசியில் யாரிடம்தான் இருந்தது என்று நடுவில் ஒருவர் கேட்டார். படித்துத் தெரிந்துகொள்ளுங்கள் என்றான் தம்பி. தலைமையாசிரியருக்கே உதடு கோணிச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் அவர் கல்லூரிக்காரருக்குத்தான் கை தூக்கினார். அவருக்கு ஐந்து வாக்கு. மருந்துக்கடைக்காரருக்கு இரண்டு. தம்பிக்கு ஒன்பது.

நூலகர் மேடம் அன்றைக்கே தம்பியிடம் முதல் புத்தகக் கட்டை ஒப்படைத்துவிட்டார். ஏழு நாவல், இரண்டு நாடகம். மாதக் கடைசிக்குள் ஒவ்வொன்றுக்கும் வாங்கலாமா வேண்டாமா என்று காரணத்தோடு எழுதித் தரவேண்டும். பேருந்தில் பையை மடியில் வைத்துக்கொண்டு தம்பி மேலாக இருந்த நாடகத்தைத் திறந்தான். யார் யார் எப்படிக் கை தூக்கினார்கள், அந்த மருந்துக்கடைக்காரர் முகம் எப்படிப் போனது என்று அக்கா வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள். ம், ம் என்றானே தவிர, எதுவும் அவன் காதில் ஏறியதாகத் தெரியவில்லை. இறங்கவேண்டிய நிறுத்தம் வந்தது. அவன் முகத்தைப் பார்த்தாள். இரண்டாம் அங்கத்தில் இருந்தான்.

அடுத்த நிறுத்தத்தில் இறங்கிக் கொஞ்சம் திரும்பி நடந்தால் ஒன்றும் குறைந்துவிடாது என்று அக்கா பேசாமல் உட்கார்ந்திருந்தாள்.