தோற்ற அன்றைக்கே பஸ்

பெண்கள் உதைபந்தாட்டக் குழுவுக்கு மனேஜராக இருப்பவளுக்குப் பந்தைப் பார்க்க நேரம் கிடைக்காது. மற்ற எல்லாவற்றின் மேலும் ஒரு கண் வைத்திருக்க வேண்டும்: மத்தியஸ்தர் யாரோடு சிரித்துப் பேசுகிறார், எதிர்க் குழுவின் வான் வண்டியிலிருந்து இறங்கும் புது முகம் யார், நமக்கு வந்த தண்ணீர்ப் போத்தலின் மூடி ஏற்கெனவே திறந்திருக்கிறதா. உங்களில் யாராவது ஒரு சங்கத்தையோ, குழுவையோ, கோயில் திருவிழாவையோ தலையில் போட்டுக்கொண்டு திரிந்திருந்தால் என் பாடு சொல்லாமலே விளங்கும். எனக்குப் பகலில் கண்டியில் ஒரு கந்தோரில் கிளார்க் வேலை. பின்னேரமும் சனி ஞாயிறும் இந்தக் கூத்து. சந்தேகப் பிராணி என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. தேசிய நொக்அவுட் கிண்ணத்துக்கு விளையாடிய போன பருவத்தில் அந்தப் பெயருக்கு ஒரு குறையும் வராமல் பார்த்துக்கொண்டேன்.

பிளேன்டி குடித்துப் பேசிய பேச்சு

எங்கள் கோல் கீப்பர் தர்ஷினி ஹந்தானை மலைத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. கிண்ணப் போட்டி தொடங்க இருந்த நேரத்தில் திடீரென்று பயிற்சிக்கு வருவதை நிறுத்திவிட்டாள். விசாரித்தால், கொழும்புப் பக்கம் கட்டுநாயக்காவில் கார்மெண்ட் வேலை சரியாகிவிட்டதாம். அங்கே இருக்கும் தாய்மாமன் பேசி வைத்திருக்கிறானாம். உடனே த்ரீவீலர் பிடித்து மேலே ஏறினேன். அவர்கள் குடியிருக்கும் லயத்து வாசலில் தாய் சரோஜா பால் சேர்க்காத பிளேன்டி கொடுத்தாள். "போயிட்டா இனிமே பந்தத் தொடவே முடியாது மிஸ்" என்று தர்ஷினி கதவோரம் நின்று அழுதாள். அவளை விட்டால் எங்களுக்கு வேறு கீப்பரும் இல்லை.

கிண்ணம் முடியும் வரைக்குமாவது விடுங்கள் என்று கெஞ்சினேன். எப்போது முடியும் என்று சரோஜா கேட்டாள். நொக்அவுட் என்றால் என்னவென்று விளக்கினேன். ஜெயித்தால் அடுத்த ஆட்டம், ஒரே ஒரு தடவை தோற்றாலும் அதோடு சரி. அதைக் கேட்டதும் அவள் முகம் அப்படியே தெளிந்துவிட்டது. தெளிந்த விதம்தான் எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. மகள் சீக்கிரம் தோற்க வேண்டுமென்று நினைக்கும் தாயும் இருப்பாளா என்று நான் யோசித்துக்கொண்டிருக்க, அவள் கிளாஸை வாங்கிக்கொண்டு சொன்னாள்: "தம்பிக்கிட்ட நான் சொல்லிக்கிறேன் மிஸ். தோக்குற வரைக்கும் வெளையாடட்டும். தோத்த அன்னைக்கே பஸ் ஏத்தி விட்டுருவேன்."

நீதிக்காக எழுந்து நின்றது

யார் யாரோடு மோதுவது என்ற குலுக்கல் கொழும்பில் நடந்தது. நானும் எங்கள் பயிற்சியாளர் அன்ரன் மாஸ்டரும் போயிருந்தோம். மாஸ்டர் யாழ்ப்பாணத்துக்காரர், கண்டியில் கணக்குப் படிப்பிக்கிறார், தேவைக்கு மேல் ஒரு சொல் பேசமாட்டார். ஒரு பிளாஸ்டிக் பேசினில் மடித்த துண்டுகளைப் போட்டுக் கிளறினார்கள். எங்களுக்கு எதிராக எடுத்த துண்டு மற்றவற்றைவிடச் சின்னதாக மடித்திருந்ததுபோல என் கண்ணுக்குப் பட்டது. எடுத்தவரின் விரலும் அதைத் தேடிப் பிடித்ததுபோல இருந்தது. எழுந்து நின்றேன். எல்லாவற்றையும் ஒரே அளவாக மடித்துத் திரும்பக் குலுக்க வேண்டும் என்றேன். மறுபேச்சில்லாமல் சம்மதித்தார்கள். அது எனக்கு இன்னும் பெரிய சந்தேகமாக இருந்தது.

இரண்டாம் முறை எங்களுக்கு வந்தது முந்தின வருடம் கிண்ணம் எடுத்த குழு. நியாயம் கிடைத்த திருப்தியோடு உட்கார்ந்தேன். திரும்பி வரும்போது மாஸ்டர் ரயிலில் ஜன்னலைப் பார்த்தபடியே இருந்தார். கடுகண்ணாவை ஏற்றத்தில் ரயில் மெதுவாக ஊர ஆரம்பித்த பிறகுதான் வாயைத் திறந்தார்: "மிஸ், முதல் துண்டில வந்தது புதுசாத் தொடங்கின ரீம். பதினொரு பேரைச் சேர்க்கிறதே அவைக்குப் பெரும்பாடு. நீங்கள்தான் வேண்டாமெண்டு சொன்னனீங்கள்."

வெளியே போனவள் யார்?

அந்தப் பழைய சம்பியன்களை ஜெயித்துவிட்டோம். என் புண்ணியத்தில் இல்லை. அன்றைக்குக் கொட்டிய மழையில் சேறும் தர்ஷினியும் சேர்ந்து கோலை அடைத்து நின்றார்கள். கெலிஓயாவிலிருந்து வரும் ஃபர்ஹானா ஒரு கோல் போட்டாள். அது போதுமாக இருந்தது.

அடுத்த சுற்றில் ஃபர்ஹானா களைத்துப்போனதால் அவளை வெளியே எடுத்து, அவளுக்குத் தங்கச்சி முறையான சாச்சா மகள் ரிஸ்னாவை இறக்கினோம். இரண்டு பேரும் தலையை மூடி விளையாடும் பிள்ளைகள். எதிர்க் குழு மனேஜர் ஓடிவந்தார். வெளியே போன பிள்ளையே உடுப்பை மாற்றிக்கொண்டு உள்ளே வந்துவிட்டதாக மத்தியஸ்தரிடம் ஒரே சத்தம். இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திக் காட்டினோம். ரிஸ்னா ஃபர்ஹானாவின் தோளளவுதான் இருந்தாள். அந்த மனுஷன் சமாதானமாகிப் போன பிறகும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. ஒரு குழுவை இப்படியா கேவலமாக நினைப்பது, மனம் எவ்வளவு கறுத்திருந்தால் இப்படித் தோன்றும் என்று கத்தினேன். ஃபர்ஹானா தண்ணீர் குடித்து முடித்துவிட்டு என் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள். "சும்மா இரிங்க மிஸ். நீங்க மத்த டீம பாக்கிற பார்வதானே அது."

கோலடியில் கிடந்தது

அரையிறுதி ஆட்டம் கண்டியிலேயே. எந்தப் பக்கம் யாருக்கு என்று முடிவானதும், ஆட்டம் தொடங்க முன் எங்கள் கோலடியை ஒரு சுற்றுச் சுற்றி வருவது என் வழக்கம். அன்றைக்குக் கம்பத்தின் அடியில், புல்லுக்குள், இரண்டாக வெட்டிக் குங்குமம் தடவிய எலுமிச்சம்பழம் கிடந்தது. செய்வினை! முதலில் எதிர்க் குழுவைத்தான் நினைத்தேன். பிறகு நிமிர்ந்து பார்த்தால், வேலியோரம் சரோஜா. அன்றைக்குத்தான் முதன்முதலாக ஆட்டம் பார்க்க வந்திருந்தாள். விரல் நுனியெல்லாம் சிவப்பு. எல்லாம் விளங்கிவிட்டது. தோற்ற அன்றைக்கே பஸ் என்றவள்தானே! ஒரு சொப்பிங் பையைக் கையில் மாட்டிக்கொண்டு, பழத்தை எடுத்துப் போய்க் கழிவுநீர் ஓடும் கானில் எறிந்தேன்.

ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் தர்ஷினியின் கைக்குள்ளிருந்து பந்து நழுவி, ஒரு கோல் விழுந்தது. அவள் எழும்பாமல் புல்லில் முகத்தை வைத்துக் கிடந்தாள். செய்வினை எவ்வளவு பொல்லாதது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். இடைவேளையில் பக்கம் மாறியதும் சரோஜா மெல்ல நடந்து மறு கோலடிக்குப் போய்க் குனிவதைக் கண்டு பாய்ந்து போனேன். பெற்ற பிள்ளைக்கே இப்படிச் செய்யலாமா என்று கேட்டேன்.

அவள் பயந்துபோய் என்னைப் பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது. "அவளத் தூரத்துக்கு அனுப்பிட்டு நான் எப்படி மிஸ் இருப்பேன்? தம்பி விடாமக் கேக்குறான், என்ன சொல்றதுன்னு தெரியாமத் தவிச்சேன். நீங்க வந்து தோத்தாத்தான் முடியும்னு சொன்னீங்க, அதையே புடிச்சுக்கிட்டேன். ஒவ்வொரு மேட்ச்சுக்கும் கண்ணு படாம இருக்க இந்தப் பழத்த இவகிட்ட குடுத்து அனுப்பி, ஆட்டம் தொடங்குறப்ப கோலடியில வைக்கச் சொன்னேன். இன்னைக்கு நானே வந்து வச்சேன், அத எவனோ பாவிப்பய எடுத்து எறிஞ்சுட்டான். அதான் மிஸ் கோல் உள்ள போயிருச்சு."

மாமன் வந்தான்

அந்தப் பாவிப்பயல் யாரென்று நான் இன்றுவரை வாய் திறக்கவில்லை. அரையிறுதியில் ஃபர்ஹானா இரண்டு கோல் போட்டு எங்களைக் கரை சேர்த்தாள். இறுதியாட்டம் கொழும்பில். சரோஜாவையும் எங்கள் வான் வண்டியில் ஏற்றிக்கொண்டோம். எலுமிச்சம்பழப் பையை நானே மடியில் வைத்துக்கொண்டேன். மைதானத்தில் வலையைச் சரிபார்ப்பது போலக் குனிந்து, பழத்தை என் கையாலேயே கம்பத்தடியில் வைத்தேன். நிமிர்ந்தால், எதிர்க் குழு மனேஜர் என்னையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு மிகவும் பழக்கமான பார்வை.

ஒரு கோல் முன்னால் நின்றோம். முடியப்போகிற நேரத்தில் மத்தியஸ்தர் எங்களுக்கு எதிராகப் பெனால்டி கொடுத்தார். காலையிலேயே அவர் எதிர்ப்பக்கத்து ஆட்களோடு தேநீர் குடித்ததை நான் பார்த்திருந்தேன். இதோ பிடிபட்டான் என்று அவர் முகத்தையே விடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். திடீரென்று பெரிய கூச்சல். திரும்பினால் தர்ஷினி பந்தை வயிற்றோடு கட்டிக்கொண்டு தரையில் கிடக்கிறாள், பிள்ளைகள் அவள்மேல் குவிகிறார்கள். என்ன நடந்தது, எந்தப் பக்கம் பாய்ந்தாள் என்று மாஸ்டரைப் பிடித்து உலுக்கினேன். "மைதானம் முழுக்கப் பாத்தது மிஸ். நீங்கள் மட்டும் எங்க பாத்துக்கொண்டு நிண்டனீங்கள்?" என்றார்.

கிண்ணத்தோடு வெளியே வரும்போது வாசலில் மாமன் நின்றான், கட்டுநாயக்காவிலிருந்து நேரே வந்திருந்தான். போட்டிதான் முடிந்துவிட்டதே, இப்படியே கூட்டிக்கொண்டு போகிறேன் என்றான். தர்ஷினியின் சிரிப்பு நின்றுபோனது. கிண்ணத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தாயின் பின்னால் ஒதுங்கினாள். ஜெயித்தாலும் போட்டி முடியும் என்பதை இத்தனை சந்தேகம் பிடித்த நான் யோசிக்கவே இல்லை. சரோஜா மட்டும் அசையவில்லை. சேலைத் தலைப்பால் மகளின் முகத்துச் சேற்றைத் துடைத்துவிட்டுத் தம்பியைப் பார்த்தாள். "தோத்தாத்தானடா அனுப்புறேன்னு சொன்னேன்? எம் பொண்ணு இன்னும் தோக்கலையே."

இப்போதெல்லாம் எந்தக் குழு சிநேகபூர்வமாக ஓர் ஆட்டம் ஆடலாமா என்று கேட்டாலும், இதைக் கட்டுநாயக்காவில் இருந்துகொண்டு அந்த மாமன்தான் பேசி அனுப்பியிருப்பானோ என்று சந்தேகப்பட்டு, அன்றைக்கு எங்களுக்கு வசதிப்படாது என்று சொல்லிவிடுகிறேன்.