அதற்கு முதல் எவ்விடம்?

போன சனிக்கிழமை ஒஸ்லோவில் எங்கள் மோர்டென்ஸ்ருட் வீட்டுக்கு இரண்டு அமெரிக்கர்கள் சாப்பிட வந்தார்கள். ஒருத்தி, ஹூஸ்டனில் பிறந்து வளர்ந்த என் அண்ணன் மகள் துளசி. மற்றவன், அவள் கட்டிக்கொள்ள நினைக்கும் டேனியல்.

அண்ணன் இன்னும் சம்மதிக்கவில்லை. பையனை நேரில் பார்க்கவும் மாட்டாராம். "நீ ஒருக்காப் பார். ஆள் எவ்விடம் எண்டு வடிவா விசாரிச்சுச் சொல்லு" என்று பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டார். நான் சொல்வதில்தான் கல்யாணமே நிற்கிறது!

யாழ்ப்பாணத்தார் விசாரிக்கும் அழகு உங்களுக்குத் தெரியாததா? எந்த ஊர், ஊரில் எந்தக் கோயிலடி, கோயிலடியில் எந்த ஒழுங்கை... ஆளை அவர் வீட்டுப் படலை வரை கொண்டுபோய் விட்டால்தான் நமக்கு நிம்மதி.

நண்டுக் கறியை அவன் தட்டில் போட்டபடி ஆங்கிலத்தில் தொடங்கினேன். எவ்விடம்? "ஹூஸ்டன்." அதற்கு முதல்? "பிறந்ததே அங்கேதான், அங்கிள்." சரி, உன் ஆட்கள் உண்மையில் எங்கிருந்து—

"சித்தப்பா!" என்றாள் துளசி. "பஸ்ஸிலை நோர்வேக்காரர் உங்களை இப்பிடிக் கேட்டா, எங்களுக்கு ஃபோன் எடுத்து அவையைத் திட்டுறனீங்கள் எல்லோ?"

சுருக்கென்றது. முப்பது வருடமாக ஒஸ்லோவில் பஸ் ஓட்டுகிறேன். எனக்குப் பிடிக்காத ஒரே கேள்வி அது. அதையே நான் என் வீட்டு மேசையில்... வெட்கமாகப் போய்விட்டது.

டேனியலோ சிரித்தான். அம்மம்மா மெக்ஸிகோவாம். அவர் கட்டியது ஓர் ஐரிஷ்காரரை. அப்பா பக்கம் பிலிப்பைன்ஸ் — அதிலும் ஒரு பூட்டன் யாரென்று வீட்டில் ஒருவருக்கும் தெரியாதாம்! "அங்கேயும் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். நான் அமெரிக்கன் என்று சொல்லிவிடுவேன். வேறு எந்தப் பெயருக்குள் இத்தனை பேரையும் அடக்குவது?"

சொல்லிவிட்டு நண்டுக்காலைப் பல்லால் கடித்து உடைத்தான். எனக்கு அவனைப் பிடித்துவிட்டது.

அவர்கள் போனதும் அண்ணனுக்கு ஃபோன் எடுத்தேன்.

"என்னடா, பெடியன் எவ்விடம்?"

"ஊர் ஆள்தான், அண்ணை."

"எங்கட ஊரோ?" குரலில் அப்படியொரு சந்தோஷம்!

"இல்லை அண்ணை. உங்கட மகளின்ரை ஊர்."

அண்ணன் மெல்லக் கேட்டார்:

"நண்டு சாப்பிடுவானோ?"